முப்பது புளியமுத்து

"நீ சங்கத்துக்குப் போகப்படாது. சொல்லிட்டேன்," என்றான் சுயம்பு.

சொன்னவன் மஸ்கட்டில் இருந்தான். சொன்ன முகம் ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே ஒரு சமையல்கட்டில், மிக்சி ஜாடியில் சாய்த்து வைத்த செல்போனுக்குள் இருந்தது. முத்துக்கனி தேங்காய் துருவுவதை நிறுத்தாமல் கழுத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினாள்.

"நெல்லு கதிரு வெளிய வராம பொதியில நிக்கு. எட்டு நாள்ல தண்ணி ஏறல்லேன்னா மொத்தமும் பதருதான். நான் போய்க் கேக்காம வேற ஆரு கேப்பா?"

"ராஜையன் அண்ணாச்சிக்கு நான் வாட்ஸாப்புல சொல்லிருக்கேன்லா?"

"அவிய என்ன சொன்னாவ?"

சுயம்பு கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு கும்பிடு பொம்மை அனுப்பினாரு."

"அந்தப் பொம்மைய வயல்ல நட்டு வச்சா தண்ணி வருமா?"

"ஏட்டி, கிண்டலா? பொம்பளைக சங்கத்துல போயி நின்னு பேசினா எனக்க மானம் போவும்."

"உங்க மானம் மஸ்கட்டுல ஏசி ரூம்புல பத்திரமா இருக்கு. காயியது எனக்க வயலு."

பேச்சு அறுந்தது. சுயம்பு துண்டித்தானா, நெட் துண்டித்ததா என்று தெரியாது. அந்த வீட்டில் பாதிச் சண்டைகளை ஜியோவும் ஏர்டெல்லும்தான் முடித்து வைத்தன.

முத்துக்கனிக்கு அறுபது சென்ட் வயல், அதுவும் கடைமடையில். குளத்து மடையிலிருந்து கிளம்பும் வாய்க்கால் முதலில் பாசன சங்கத் தலைவர் ராஜையன் அண்ணாச்சியின் இரண்டு ஏக்கர் வாழைக்குள் நுழையும். அங்கே அது விருந்துக்கு வந்த மருமகனைப்போல நாள்கணக்கில் தங்கும். பிறகு மனம் வந்தால் எழுந்து, வழியில் ஆள் ஆளுக்குக் கையசைத்துவிட்டு, முக்கால் கிலோமீட்டர் தள்ளி முத்துக்கனியின் வரப்புக்கு வரும்போது ஈரம் மட்டும்தான் மிஞ்சும். தை பிறந்து நான்கு நாள். குளத்தில் பாதித் தண்ணீர் இருந்தது. இல்லாமல் காய்ந்தால் மழையைத் திட்டலாம். இருந்தும் காய்வதற்கு யாரைத் திட்டுவது?

திட்டுவதற்கான இடம் பாசன சங்கம். அங்கே பதிவேட்டில் அறுபத்திரண்டு பெயர்கள் உண்டு. எல்லாம் ஆண்கள், ஏனென்றால் பட்டாக்கள் எல்லாம் ஆண்கள் பெயரில். அந்த அறுபத்திரண்டில் பத்தொன்பது பேர் வளைகுடாவில் இருந்தார்கள். அவர்கள் வயலில் நாற்று நடுவதும் களை பறிப்பதும் உரம் போடுவதும் அவர்களின் மனைவிமார். குறைந்தபட்சம் அந்த மனைவிமாராவது தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொள்ளலாமே என்றால், அதற்கும் ஒரு வழக்கம் குறுக்கே நின்றது. பெண்கள் மடைமேல் ஏறக் கூடாது. ஏறினால் குளம் வற்றிவிடும். எட்டு வருடத்துக்கு முன்னால் குளம் அடியோடு வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது எந்தப் பெண் ஏறினாள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அந்த வருடம் மழை இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டார்கள்.

துருவிய தேங்காயைக் கிண்ணத்தில் வழித்துப் போடுவதற்குள் செல்போன் மறுபடி அடித்தது. திரையில் அதே முகம். ஆனால் இப்போது அதில் ஒரு குழைவு வந்திருந்தது.

"ஏ பிள்ளே... நீ நாளைக்குச் சங்கத்துக்கு ஒண்ணு போயிட்டு வா."

முத்துக்கனி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "மானம்?"

"அண்ணாச்சியே போன் போட்டாரு. நாகர்கோவில்லேருந்து ஏதோ தொண்டு நிறுவனம் வருதாம். வாய்க்கால் தூர்வார மெஷின் தருவாங்களாம். அதுக்கு முந்தி ஒரு விளையாட்டு விளையாடணுமாம். சங்கத்து ஆளுக இருபத்தஞ்சு பேராவது இருந்தாத்தான் தருவாங்களாம். ஊருல ஆளு ஏது? அதான் ஆளு இல்லாத வீட்டுல பெண்டுகள அனுப்பச் சொன்னாரு."

"பேசப் போகப்படாது. விளையாடப் போலாம்."

"விளையாட்டுதானே," என்றான் சுயம்பு தாராளமாக.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டிடம் கல்யாண வீடுபோல இருந்தது. சன்னலுக்கு வெளியே, மலைக்கணவாய்ப் பக்கம், நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சோம்பலாகக் கை வீசிக்கொண்டிருந்தன. காற்றுக்குத் தலைமடை வைக்கும் வழி இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. அதனால் அது எல்லோர்மேலும் வீசியது.

விளையாட்டைக் கொண்டுவந்த பெண்ணின் பெயர் பிரீனா. இருபத்தாறு வயது. கடியப்பட்டணத்திலிருந்து ஸ்கூட்டரிலேயே வந்திருந்தாள். தோளில் சுருட்டிய ஃபிளெக்ஸ்கள், கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் நீலச் சாயம் ஏற்றிய புளியங்கொட்டைகள்; ஊர்ப் பேச்சில் புளியமுத்துக்கள்.

தலைவர் நாற்காலியில் இருந்து ராஜையன் அண்ணாச்சி அவளை மேலும் கீழும் பார்த்தார். "கடற்கரைப் பிள்ளையா? கடல்ல ஏது மக்களே மடை? வயலுத் தண்ணியப் பத்தி மீன்காரங்க வந்து எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டிய காலம் வந்தாச்சு, என்ன?"

சிலர் சிரித்தார்கள். பிரீனாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பழகிய சிரிப்பு. இதுபோல எத்தனையோ ஊர்களில் கேட்டிருப்பாள்.

"கடல்ல மடை இல்ல ஐயா. ஆனா கரையில நின்னு வலை இழுக்க எங்க ஊர்ல முறை உண்டு. இன்னைக்கு உங்க வலை, நாளைக்கு அடுத்த ஆளுக்க வலை. முறை தப்பினா எங்க அம்மைமாரு வாயில விழணும். அதுக்குப் பயந்தே ஆரும் தப்ப மாட்டாங்க."

இந்த முறை சிரித்தது பெண்கள்.

விளையாட்டு எளிமையானது. ஃபிளெக்ஸில் ஒரு குளம், ஒரு நீல வாய்க்கால், அதன் ஓரமாக ஐந்து வயல்கள். குளத்திலிருந்து முப்பது புளியமுத்துக்களோடு ஒரு கிண்ணம் கிளம்பும். அதுதான் தண்ணீர். முதல் வயல்காரர் வேண்டியதை எடுத்துக்கொண்டு கிண்ணத்தை அடுத்தவருக்குத் தள்ளுவார். நெல்லுக்கு ஐந்து முத்து; வாழைக்குப் பத்து. வாழை போட்டால் இரட்டை விளைச்சல். முதல் இரண்டு ஆட்டங்களில் ஒருவரோடு ஒருவர் பேசி ஏற்பாடு செய்யக் கூடாது. மூன்றாவது ஆட்டத்துக்கு முன் பேசலாம், விதி வைக்கலாம். கடைசியில் எந்தக் குழுவின் விதி நல்லதென்று கூட்டம் கை தூக்குகிறதோ, அதைச் சங்கக் குறிப்பேட்டில் தீர்மானமாக எழுதி, மூன்று மாதம் நிஜ வாய்க்காலில் நடத்திப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் தூர்வாரும் மெஷின்.

"சரி சரி, எழுதிக்கிடலாம்," என்றார் அண்ணாச்சி. அவருடைய கண் மெஷின்மேல்தான் இருந்தது.

எல்லோர் நெஞ்சிலும் பெயர் அட்டை குத்தினார்கள். சங்கச் செயலாளர் வினோஜ் பதிவேட்டைப் பார்த்து எழுதினான். முத்துக்கனியின் அட்டையில் 'சுயம்பு' என்று எழுதினான். கிரேசியின் அட்டையில் குவைத்தில் இருக்கும் அவள் கணவன் பெயர்.

"எங்க பேர எழுதப்படாதா தம்பி?" என்றாள் கிரேசி.

"பதிவேட்டுல இல்லியே அக்கா."

"அப்பம் விளையாட்டுல செத்தாலும் அவருதான் சாவாரு. நல்லதாப் போச்சு."

ஐந்து பேருக்கு ஒரு குழுவாகப் பிரிந்து, இடத்துக்குச் சீட்டு எடுத்தார்கள். முத்துக்கனிக்கு ஒன்று. வினோஜுக்கு இரண்டு. கிரேசிக்கு மூன்று. நாலாவது இடம் ஒரு வயசாளிக்கு. ஐந்தாம் சீட்டைப் பிரித்த ராஜையன் அண்ணாச்சி அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வேறு எண் இருக்குமோ என்பதுபோல.

"கடைமடை ஐயா," என்றாள் பிரீனா.

"தெரியும், தெரியும்."

முத்துக்கனியின் முன்னால் கிண்ணம் வந்தது. முப்பது நீல முத்துக்கள். இருபது வருடமாக அவள் வாய்க்காலின் வாலை மட்டுமே பார்த்தவள். இப்போது தலை அவள் மடியில் இருந்தது. ஒரு கணம் அவளுக்கு, தான் ஏதோ தூர தேசத்து ராணி என்றும், இந்த முத்துக்களெல்லாம் கப்பலில் வந்து இறங்கியவை என்றும் தோன்றியது. உள்ளே கைவிட்டு அளைந்து பார்த்தாள். சலசலவென்றது.

"நான் வாழை போடுகேன்," என்றாள். பத்து முத்தை எண்ணி எடுத்தாள்.

"நானும் வாழை," என்றான் வினோஜ். பத்து. கிரேசி நெல், ஐந்து. வயசாளி நெல், ஐந்து. கிண்ணம் அண்ணாச்சியிடம் வந்து சேர்ந்தபோது அதற்குள் காற்று மட்டும் இருந்தது.

அவர் கவிழ்த்துப் பார்த்தார். "எனக்கு எங்க?"

"தீந்து போச்சு அண்ணாச்சி," என்றாள் கிரேசி.

"தீந்து போச்சுன்னா? நானும் விதை போட்டிருக்கேன்லா?"

முத்துக்கனி தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலே அண்ணாச்சியின் செருமல்தான். பிறகு அவருடைய குரலில், அவருடைய நிதானத்தில் சொன்னாள்: "கடைமடைக்காரங்க கொஞ்சம் பொறுக்கணும். எல்லாருக்கும் தண்ணி வரும். மேல மழை இல்ல. நான் என்னத்தச் செய்ய? சட்டைப்பையிலயா வச்சிருக்கேன்?"

மூன்று வருடமாக அவள் அண்ணாச்சியின் வாழைத்தோட்ட வேலிக்கு வெளியே நின்று கேட்ட அதே வார்த்தைகள். கூட்டம் அடையாளம் கண்டுகொள்ள இரண்டு நொடி ஆயிற்று. பிறகு வெடித்தது. பக்கத்துக் குழுக்கள் தங்கள் கிண்ணங்களை விட்டுவிட்டு இங்கே வந்து சூழ்ந்தன. அண்ணாச்சியும் சிரிக்கத்தான் பார்த்தார். வாய் மட்டும் சிரித்தது.

இரண்டாவது ஆட்டத்தில் மழை குறைவு என்று பிரீனா இருபத்தைந்து முத்துக்களே போட்டாள். மறுபடியும் பத்து, பத்து, ஐந்து. நாலாமவருக்கே இல்லை. கிண்ணம் கிரேசியிடம் இருக்கும்போதே ஐந்தாம் வயலிலிருந்து ஒரு கை குறுக்கே நீண்டு, நாலாம் வயலைத் தாண்டி உள்ளே நுழைந்தது.

"அண்ணாச்சி, வரப்ப வெட்டுதியளா!" கிரேசி கிண்ணத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"அது... சும்மா எண்ணிப் பாத்தேன்."

"விளையாட்டுதானே அண்ணாச்சி," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"என்னலே விளையாட்டு?" அவர் எழுந்தே விட்டார். முகம் சிவந்து, நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. முப்பது வருடம் தலைமடையில் இருந்தும் தெரியாத ஒன்று நாற்பது நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. "ரெண்டு பூவு! ரெண்டு பூவு வெளைச்சல்ல எனக்கு ஒரு மணி நெல்லு இல்ல! மேல இருக்கியவன் வாழைக்குப் பத்துப் பத்தா அள்ளுகான், கீழ இருக்கியவன் கண்ணுல மண்ணா? நான் என்ன மனுசன் இல்லியா? எனக்க வீட்டுல அடுப்பு எரியாண்டாமா?"

"அப்பம் என்ன விதி வைக்கலாம் ஐயா?" பிரீனா மெதுவாகக் கேட்டாள். "மூணாவது ஆட்டம். இப்பம் பேசலாம்."

"என்ன விதியா? கீழருந்து முறை வைக்கணும்! கடைசி வயலுக்கு முதல்ல. காலையில ஆறு மணிக்குத் திறந்தா சாயங்காலம் ஆறு மணி வரை நடுவுல ஒருத்தனும் மடக்கப்படாது. அது முடிஞ்சு அடுத்தவன், அதுக்கு மேல அடுத்தவன். தலைமடைக்காரனுக்குக் கடைசியில. அவனுக்குத் தண்ணி எங்க ஓடியா போவும்? குளத்துக்கப் பக்கத்துலதானே கிடக்கான், சவம்!"

அந்தச் 'சவம்' யாரென்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்கும் மெல்லத் தெரியவந்தது. அவர் உட்கார்ந்தார். வினோஜ் அதற்குள் எழுதி முடித்துவிட்டிருந்தான். அவன் நல்ல பையன், சொன்னதைச் சொன்னபடி எழுதுவான்.

கை தூக்கச் சொன்னபோது ஒரு கைகூடக் கீழே இல்லை. அண்ணாச்சியின் கை மட்டும் மற்ற எல்லாக் கைகளையும் எண்ணிப் பார்த்த பிறகு மேலே போனது.

"எழுதியாச்சுன்னா எழுதியாச்சுதான். நான் வாக்கு மாற மாட்டேன்," என்றார். அவர் கெட்டவர் இல்லை. சபையில் சொன்ன வாக்கு அவருக்குப் பெரிது. ஆனால் வாக்குக்குள்ளேயே ஒரு சந்து கண்டுபிடிக்கிற அனுபவமும் அவருக்கு இருந்தது. தேங்காய்த் துண்டும் டீயும் வந்தபோது அவர் மறுபடி தலைவராகிவிட்டிருந்தார். "முதல் முறை கடைசி வயலுக்கு. வியாழக்கிழமை. வயலு ஆருக்கது? சுயம்புக்கது. அந்த அந்த வயலுக்காரன்தான் மடை ஷட்டரத் திறக்கணும், அடைக்கணும். பொறுப்பு அவனுக்கு. எழுது வினோஜே."

"அவரு மஸ்கட்டுல இருக்காரே," என்றாள் பிரீனா.

"இருக்கட்டும். ஊருல அவனுக்கு ஆளா இல்ல?"

"இந்த அக்காவே திறக்கலாமே ஐயா."

"மக்களே, நீ விளையாட்டு கொண்டுவந்தா, விளையாடினோம். மடையில பொம்பள ஏறப்படாது. அது விளையாட்டு இல்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள், கொஞ்சம் முன்னால் கை தூக்கிய அதே ஆட்கள். வினோஜ் வீடியோவில் சுயம்புவைக் கூப்பிட்டான். முதல் முறைக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சுயம்புவுக்குக் கூட்டம் கை தட்டியது. சுயம்பு மஸ்கட்டில் கிரேனுக்கடியில் ஹெல்மெட்டோடு நின்று கைகூப்பினான். அவன் கண் கலங்கியிருந்தது. ஷட்டர் சக்கரத்தில் மாட்டித் திருக்கும் இரும்புக் கைப்பிடியை, "இத வீட்டுல கொண்டு வையி பிள்ளே," என்று முத்துக்கனியிடம் கொடுத்தார்கள். ஐந்து கிலோ இருக்கும். சுமந்து போகலாம், துரு தேய்க்கலாம், எண்ணெய் போடலாம். மாட்ட மட்டும் கூடாது.

"மன்னிச்சிருங்க அக்கா," என்றாள் பிரீனா, ஸ்கூட்டரில் வாளியைக் கட்டிக்கொண்டே. "விளையாட்டுல இந்த விதிய நான் யோசிக்கல்ல."

"நீ என்ன செய்வ மக்களே. உனக்க ஃபிளெக்ஸுல வயலு, வாழை எல்லாம் உண்டு. மடை மேல ஆரு நிக்கலாமுன்னு போடல்ல," என்றாள் முத்துக்கனி.

வியாழக்கிழமை காலை ஆறு மணி ஆயிற்று. ஆறரை ஆயிற்று. திறக்க வருவதாகச் சொல்லியிருந்த வினோஜ், வடசேரியில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டதாக மெசேஜ் போட்டிருந்தான். அடுத்த வீட்டு ஆளுக்கு இடுப்பு பிடித்திருந்தது. இன்னொருவர், அண்ணாச்சி மனசு எப்படியோ, நமக்கு எதுக்கு என்றார். ஏழு மணிக்கு முத்துக்கனி வயலுக்குப் போய்ப் பார்த்தாள். பொதி கட்டிய பயிர் நுனி சுருண்டு, கூந்தல் வாராத பெண்கள்போல நின்றது. பன்னிரண்டு மணி நேர முறையில் ஒரு மணி நேரம் போய்விட்டது. அடுத்த முறை வரச் சுற்று முடிய வேண்டும்; இந்த வாய்க்காலில் வயல் இருபது, அதற்கு இருபது நாள். பயிருக்கு இருபது நாள் இல்லை.

சுயம்புவைக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் பொறு பிள்ளே, நான் வேற ஆளப் பாக்கேன். ரெண்டு பேருக்கு மெசேஜ் போட்டிருக்கேன்."

"பாருங்க. வேற ஆளு வந்தா கைப்பிடியக் குடுத்திருகேன். அது வரைக்கும் நான் திருக்குகேன்."

"ஏட்டி! ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு ஏழு மணி வரைக்கும் ஒண்ணும் சொல்லல்ல. நானும் காத்துக்கிட்டுதான் இருந்தேன்."

கைப்பிடியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். வழியில் கிரேசி சேர்ந்துகொண்டாள், கேள்வி கேட்காமல், கைப்பிடியின் மறுமுனையைப் பிடித்து. டீக்கடையில் கண்ணாடி கிளாஸ்கள் உதட்டருகே அப்படியே நின்றன. மடைக்கு ஏழு படிகள். இத்தனை வருடத்தில் அவற்றை அவள் எண்ணியதில்லை. ஏறி மேலே நின்றபோது குளம் முழுவதும் தெரிந்தது. தாமரை இலைகள், இரண்டு முக்குளிப்பான் பறவைகள், தண்ணீருக்குள் தலைகீழாகச் சுற்றும் காற்றாலைகள். இவ்வளவு அழகான இடத்தில் நின்றுகொண்டா இத்தனை நாள் 'தண்ணி இல்ல' என்று சொன்னார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு பெண்களும் கைப்பிடியை மாட்டித் திருக்கினார்கள். முதலில் சக்கரம் முரண்டு பிடித்தது. பிறகு ஒரு முனகல். அடியில் ஏதோ பெருமூச்சு விட்டதுபோல் வெளுத்த நுரையோடு தண்ணீர் வெளியே குதித்தது. அண்ணாச்சியின் வாழைக்குள் போகும் திறப்பு முறைப்படி மண்போட்டு அடைத்திருந்தது. தண்ணீர் அதை எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே ஓடியது.

பத்து மணிக்கு ராஜையன் அண்ணாச்சி வந்தார். பின்னால் இரண்டு வேலையாட்கள். ஆளுக்கு ஒரு செம்புக் குடம், மாவிலை. முத்துக்கனி இறங்கி வாய்க்கால் கரையில் நின்றிருந்தாள். டீக்கடை மொத்தமும் வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

அண்ணாச்சி ஷட்டரைப் பார்த்தார். அடைக்கச் சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் நடுவில் ஒருத்தனும் மடக்கப்படாது என்று எழுதியிருந்தது; சொன்னது அவரே.

"முறைய நான் தடுக்கல்ல," என்றார் சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி. "தீர்மானம் தீர்மானம்தான். ஆனா மடை தீட்டுப்பட்டுப் போச்சு. கழுவணும். இல்லேன்னா குளம் வத்திரும்."

"கழுவுங்க அண்ணாச்சி," என்றாள் முத்துக்கனி.

வேலையாட்கள் ஏறினார்கள். அவள் கால் பட்ட ஏழு படிகளிலும், அவள் கை பட்ட சக்கரத்திலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். அண்ணாச்சி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். மஞ்சள் தண்ணீர் படிப்படியாக இறங்கி, சக்கரத்திலிருந்து சொட்டி, வாய்க்காலில் விழுந்தது. ஒரு நொடி தனியாக மஞ்சளாகத் தெரிந்தது. பிறகு மற்ற தண்ணீரோடு கலந்து, வாழையைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி, கடைமடையைப் பார்த்துப் போனது.

முத்துக்கனி அது போகும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை நெற்றிக்கு மேல் வைத்து மடையை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு குடம் ஊத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. எனக்கக் கடைசி வரப்பு இன்னும் நனையல்ல."